விசிறி சுழல்கிறது, திரை ஏன் ஒளிரவில்லை?

கேள்வி: பாகங்களை வாங்கி நானே பொருத்திய புதிய கணினியில், பவர் பட்டனை அழுத்தினால் விசிறிகள் சுழல்கின்றன; ஆனால் திரையில் எதுவும் தெரிவதில்லை. மதர்போர்டு பழுதாகியிருக்குமா?

பதில்: அந்த முடிவுக்கு இப்போதே வந்துவிட வேண்டாம். விசிறிகள் சுழல்வது மின்சாரம் வருகிறது என்பதை மட்டுமே காட்டும். பிராசஸர் இயங்குகிறது என்பதற்கு அது சான்றாகாது. மதர்போர்டுக்கான 24 பின் இணைப்பைக் கவனமாகச் செருகுபவர்கள்கூட, பிராசஸருக்குத் தனியாக 12 வோல்ட் தரும் 8 பின் இணைப்பை மறந்துவிடுவதுண்டு என்பதால், முதலில் அதைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், மானிட்டர் கேபிள் அதில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து, மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ரேம்களைக் கழற்றி, ஒன்றை மட்டும் கையேடு குறிப்பிடும் ஸ்லாட்டில் பூட்டிக்கொள்ளும் ஓசை கேட்கும்வரை அழுத்திப் பொருத்துங்கள். நான்கு ஸ்லாட்டுகள் உள்ள போர்டுகளில் அது பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவதாக இருக்கும். உங்களுடையது டிடிஆர்5 வகை ரேம் என்றால், முதல்முறை இயக்கும்போது ரேமின் வேகத்தையும் சமிக்ஞைகளையும் போர்டு சோதித்துச் சீரமைப்பதற்கே சில நிமிடங்கள் ஆகலாம். அதுவரை திரை இருண்டேதான் இருக்கும். தயவுசெய்து இடையில் அணைத்துவிடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பலன் இல்லையெனில், அந்த பிராசஸருக்கு பயாஸின் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே பதிந்துள்ள மென்பொருளின்) எந்தப் பதிப்பு தேவை என்பதைப் போர்டு தயாரிப்பாளரின் பட்டியலில் சரிபாருங்கள்.