ஒரு நாட்டு டிவி கேம் ஷோவை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோகும்போது என்னதான் மாற்றுகிறார்கள்? வெறும் மொழிபெயர்ப்புதானா?

கேள்வியைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது ஒரே ஒரு ஒற்றெழுத்து: க்.

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் உரிமம் வாங்கித் தமிழில் எடுத்த வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றுக்கு இரண்டு வருடம் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த நிகழ்ச்சி, எந்தச் சேனல் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் முதல் நாலைந்து கேள்விகள் லேசாக இருக்கும். ஹாட் சீட்டில் வந்து உட்காருகிறவருக்குப் படபடப்பு அடங்க வேண்டுமே, அதற்காக. ஆங்கில மூலத்தில் அந்த இடத்தில் சொல் விளையாட்டும் சொலவடையும் போடுவார்கள். அதை மொழிபெயர்த்தால் ஒன்றும் மிஞ்சாது என்பதால் நாங்கள் பழமொழிகளைப் பிடித்துக்கொண்டோம். நான் எழுதிக் கொடுத்த கேள்வி இது: "கைப்புண்ணுக்குக் ____ வேண்டுமா?" விடைகள்: மருந்து, விளக்கு, கண்ணாடி, வைத்தியர்.

மெய்ப்புப் பார்க்கும் அக்கா ஒருவர் இருந்தார். படித்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, பழமொழியே தெரியாதவனுக்கும் காசைத் தூக்கிக் குடுக்கப் போறீங்களா?" என்றார். எனக்குப் புரியவில்லை. 'புண்ணுக்கு' என்பதன் வாலில் தொங்கும் அந்த 'க்'கைப் பேனாவால் வட்டமிட்டுக் காட்டினார். அடுத்து வருவது க-வில் தொடங்கும் சொல் என்று அது ஊருக்கே அறிவித்துவிடுகிறது. நான்கு விடைகளில் க-வில் தொடங்குவது ஒன்றே ஒன்று! ஒற்றை எடுத்துவிடலாமா என்றால், திரையில் ஒற்றுப்பிழையோடு போட்டால் பார்ப்பவர்கள் சும்மா விடமாட்டார்கள். கடைசியில் நான்கையும் க-வில் மாற்றினோம்: கட்டு, களிம்பு, கண்ணாடி, கத்தி.

மூல நிறுவனம் தந்த கனத்த கையேட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தக் கையேட்டைத் துறையில் பைபிள் என்றுதான் சொல்வார்கள். விளக்கு எப்போது மங்க வேண்டும், கேமரா எந்தப் பக்கத்திலிருந்து இறங்க வேண்டும், போட்டியாளரை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும், முதல் வெளிநாட்டுப் பதிப்பில் என்ன சொதப்பியது என்பதுவரை எல்லாம் அதில் இருக்கும். கூடவே ஒரு ஆளும் விமானம் ஏறி வந்து பக்கத்தில் நிற்பார். உதாரணத்துக்கு 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்' நிகழ்ச்சியின் இசை கேள்விக்குக் கேள்வி அரைச் சுருதி ஏறும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, நெஞ்சு மட்டும் அடித்துக்கொள்ளும். ஆரம்ப வருடங்களில் செட்டிலோ இசையிலோ கைவைக்க எந்த நாட்டுக்கும் அவ்வளவு சுலபத்தில் அனுமதி கிடைத்ததில்லை.

ஆக, வெளியே தெரிகிறதெல்லாம் பெரும்பாலும் மாறாது. மாறுவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில். என்னைக் கேட்டால் அவற்றில் முதலாவது, பரிசுத் தொகையின் பெயர்.

மில்லியனர் 1998 செப்டம்பரில் பிரிட்டனின் ஐடிவியில் தொடங்கியது. உச்சப் பரிசு பத்து லட்சம் பவுண்டு. 'மில்லியனர்' என்ற சொல்லிலேயே பாதிக் கனவு இருக்கிறது. அதை 2000-இல் இத்தாலிக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று வையுங்கள். அப்போது அங்கே லிரா. பத்து லட்சம் லிரா ஒரு மாதச் சம்பளத்துக்குக்கூடக் காணாது. அதனால் அங்கே தலைப்பே 'மில்லியார்தாரியோ', அதாவது நூறு கோடிக்காரர் என்றானது. யூரோ வந்ததும் மறுபடி 'மில்லியனாரியோ'வுக்கு இறங்கினார்கள். துருக்கியில் பணவீக்கம் தலைவிரித்தாடிய காலம். 'கிம் 500 மில்யார் இஸ்தெர்?' என்று பெயர் வைத்தார்கள். நம் கணக்கில் 'யாருக்கு வேண்டும் ஐம்பதாயிரம் கோடி?' 2005 ஜனவரியில் அந்த நாட்டு அரசு லிராவிலிருந்து ஆறு பூஜ்யங்களை வெட்டியது. நிகழ்ச்சியின் பெயரிலும் அதே வெட்டு விழுந்து '500 பின்', அதாவது ஐந்து லட்சம் ஆனது. வியட்நாமில் இதற்கு நேர்மாறு. தலைப்பு மில்லியனர்தான், ஆனால் பத்து லட்சம் டாங்குக்கு அங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்பதால் பல வருடம் உச்சப் பரிசு 15 கோடி டாங்காக இருந்தது.

இந்தியாவில் முதலில் யோசித்த பெயர் 'கௌன் பனேகா லக்பதி'. லட்சத்தை விடப் பெரியது என்ன என்று ஸ்டார் டிவியின் முதலாளி ரூபர்ட் முர்டாக் கேட்டதாகவும், கோடி என்றதும் அதையே வைக்கச் சொன்னதாகவும் அப்போது ஸ்டாரில் இருந்தவர்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். 2000 ஜூலை 3 அன்று அமிதாப் பச்சனோடு ஸ்டார் பிளஸ்ஸில் 'கரோர்பதி' வந்தது. கொஞ்ச நாளில் சன் டிவியில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்'. லட்சாதிபதி என்பவர் நமக்குத் தெரிந்த ஆளாக இருக்கலாம். கோடீஸ்வரன் என்றால் பெயரிலேயே ஒரு ஈஸ்வரன் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்தச் சொல்லில் இருக்கிற கிறக்கம் மில்லியனரில் கிடையாது.

தொகையை ஏற்றினாலே போதும் என்று நினைத்தவர்களும் உண்டு. அதே 2000-இல் ஜீ டிவி, அனுபம் கேரையும் மனிஷா கொய்ராலாவையும் வைத்து 'சவால் தஸ் கரோர் கா' எடுத்தது. பத்து மடங்கு பணம், இரண்டு தொகுப்பாளர்கள், இருந்தும் சீக்கிரமே ஊற்றி மூடினார்கள். ஒரு கோடியை வைத்து மனசுக்குள் ஒரு வீடு கட்டிப் பார்க்கலாம், கடனை அடைத்துப் பார்க்கலாம். பத்துக் கோடியை என்ன செய்வது என்று யோசிக்கவே பழக்கம் வேண்டும். இது என் ஊகம்தான்.

அப்படியானால் உரிமம் வாங்காமலே எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். சட்டம் இதில் கொஞ்சம் வழுக்கலானது. ஹ்யூயி கிரீன் என்ற பிரிட்டிஷ் தொகுப்பாளர், தன் நிகழ்ச்சியை நியூசிலாந்து ஒளிபரப்பு நிறுவனம் நகலெடுத்துவிட்டது என்று பிரிவி கவுன்சில் வரை, அதாவது அப்போது நியூசிலாந்து வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் அமைப்பு வரை போனார். 1989-இல் தோற்றார். தலைப்பும் சில வழக்கமான வசனங்களும் சேர்ந்தால் அது பதிப்புரிமை பெறும் நாடகப் படைப்பு ஆகிவிடாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகும் ஏன் பணம் கட்டி வாங்குகிறார்கள் என்றால், கருவுக்காக இல்லை, கைப்பக்குவத்துக்காக. அந்த அரைச் சுருதி மாதிரி விஷயங்களுக்காக.

இரண்டாவது, தொகுப்பாளர் போட்டியாளரிடம் எப்படிப் பேசுகிறார் என்பது. பிரிட்டனின் மில்லியனரில் கிறிஸ் டாரன்ட் காசோலையை நீட்டுவார், கைக்கு எட்டுவதற்குள் பிடுங்கிக்கொள்வார். ஜப்பானில் மினோ மோன்டா விடையைச் சொல்லாமல் போட்டியாளரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார், பார்க்கிற நமக்குத்தான் மூச்சு முட்டும். அமிதாப் எழுந்து வந்து கைகூப்பி வரவேற்றுப் பெரிய வீட்டு விருந்தாளி மாதிரி உட்கார வைத்தார். கேள்வி, விளக்கு, நாற்காலி எல்லாம் ஒன்றுதான். ஆனால் முதலாவது சீட்டாட்டம், அடுத்தது விசாரணை, மூன்றாவது ஒரு மரியாதை.

இது கைகூடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 'தி வீக்கெஸ்ட் லிங்க்' நல்ல உதாரணம். 2000-இல் பிபிசியில் ஆன் ராபின்சன் கறுப்பு உடையில் நின்று, தோற்றவரை ஒரு வாக்கியத்தில் அனுப்பிவைப்பார். நீதான் சங்கிலியின் பலவீனமான கண்ணி, போய் வா. பிரிட்டனில் அதைக் கொண்டாடினார்கள். இந்தியாவில் நீனா குப்தாவை வைத்து 'கம்ஜோர் கடி கௌன்' என்று எடுத்தார்கள், எடுபடவில்லை. தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் நானே திணறியிருப்பேன். ஆங்கில 'யூ' யாருக்கும் சொந்தமில்லாத சொல். நான் 'நீங்கள்' என்று எழுதினால் அந்த வசனத்தின் விஷம் இறங்கிவிடும், ஏதோ வங்கிக் கடிதம் மாதிரி ஆகிவிடும். 'நீ' என்று எழுதினால், ஐம்பது வயதுக்காரரைப் பார்த்து அதைச் சொன்ன மாத்திரத்தில் விளையாட்டு முடிந்து சண்டை ஆரம்பித்துவிடும். இரண்டுக்கும் நடுவில் நம்மிடம் ஒரு சொல் இல்லை.

'டீல் ஆர் நோ டீல்' இதற்கெல்லாம் தப்பித்த நிகழ்ச்சி. அதில் கேள்வியே கிடையாது. பெட்டிக்கு ஒரு தொகை, திறந்த தொகை கையைவிட்டுப் போய்விடும். பெட்டியைத் திற, வங்கிக்காரர் சொல்லும் தொகையை வாங்கிக்கொள் அல்லது வேண்டாம் என்று சொல். நெதர்லாந்தில் 2002-இல் பிறந்தபோது 26 பெட்டி, உச்சத்தில் 50 லட்சம் யூரோ. அமெரிக்காவில் 26 மாடல் அழகிகள் வரிசையாகப் பெட்டியோடு படியில் நின்றார்கள். பிரிட்டனில் எல்லாம் சுருங்கி 22 சிவப்புப் பெட்டி, பிற்பகல் நேரம். மற்ற பெட்டிகளைத் திறப்பவர்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கும் சக போட்டியாளர்கள். நாள்கணக்கில் ஒன்றாகவே இருப்பதால், ஒருவர் பெரிய தொகையைத் திறந்துவிட்டால் "மன்னிச்சுக்கோ" என்று முகம் வாடுவார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இத்தாலிப் பதிப்பு. அந்த நாட்டில் மாநிலங்கள் 20, பெட்டிகளும் 20. மாநிலத்துக்கு ஒரு ஆள். தொலைபேசியில் பேசும் வங்கிக்காரரை அங்கே 'டாக்டர்' என்பார்கள். நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா மூன்று நாடுகளின் 151 போட்டியாளர்களை எடுத்துப் பொருளாதார அறிஞர்கள் 2008-இல் ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். ஒருவர் துணிவதும் பின்வாங்குவதும் எதிரே இருக்கும் தொகையை மட்டும் பொறுத்தது இல்லை, சற்றுமுன் கையைவிட்டுப் போன தொகையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கிறது என்பது அவர்கள் கண்டது. மூன்று நாட்டுக்காரர்களும் இதில் ஒன்றுதான்.

'ஃபேமிலி ஃப்யூட்' பற்றியும் சொல்ல வேண்டும். 1976-இல் அமெரிக்காவில் வந்தது. நூறு பேரிடம் ஒரு கேள்வி கேட்டு, அதிகம் பேர் சொன்ன பதிலை ஊகிக்க வைப்பது. உரிமம் வாங்கினால் உங்களுக்குக் கிடைப்பது காலிப் பலகைதான். ஏனென்றால் சரியான விடை என்று அதில் எதுவும் இல்லை, உங்கள் ஊர் நூறு பேர் சொன்னதுதான் விடை. ரஷ்யாவில் 1995 முதல் ஓடுகிறது. மெக்சிகோவில் தலைப்பே 'நூறு மெக்சிகோக்காரர்கள் சொன்னார்கள்'. ஏற்றுமதிக்கு இதைவிடத் தோதான விளையாட்டு வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எல்லை தாண்டவே தாண்டாத நிகழ்ச்சி உண்டா என்றால், தமிழுக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது: 'வீல் ஆஃப் ஃபார்ச்சூன்'. மெர்வ் கிரிஃபின் உருவாக்கி 1975-இல் தொடங்கியது. சக்கரத்தைச் சுற்று, ஒரு மெய்யெழுத்தைச் சொல், பலகையில் அது இருந்தால் திறக்கும். உயிரெழுத்து வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கு. ரஷ்யர்களுக்குச் சிக்கலில்லை, 33 எழுத்து. 1990 முதல் 'போலே சுதேஸ்' என்ற பெயரில் அதைத் தங்களுடையதாகவே ஆக்கிக்கொண்டார்கள். போட்டியாளர்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியைக்கூடத் தொகுப்பாளருக்குப் பரிசாகக் கொண்டுவருவார்கள். வாங்கிய பரிசுகளுக்கு ஒரு அருங்காட்சியகமே வைத்தார்கள்.

எங்களுக்கும் ஒருமுறை அந்த ஆசை வந்தது. நான் கேள்வி எழுதிய நிகழ்ச்சி முடிந்து அடுத்து என்ன என்று பேசிக்கொண்டிருந்த நாள். வெள்ளைப் பலகையில் ஒன்பது கட்டம் போட்டு, மனசுக்குள் 'தொட்டில் பழக்கம்' என்று வைத்துக்கொண்டு மற்றவர்களை விளையாடச் சொன்னேன். முதல் ஆள் 'ட' என்றார். இருக்கிறதா, இல்லையா? பலகையில் இருப்பது ட், டி. இல்லை என்றேன், கத்தினார். சரி, ட் குடும்பம் மொத்தத்தையும் திறக்கிறேன் என்று திறந்தால், அடுத்தவர் "அப்ப டி-யில இருக்கிற இ-ய நான் காசு குடுத்து வாங்கணுமா, வேணாமா?" என்றார். இன்னொருவர் 'க' கேட்டார். க-வும் இருக்கிறது, பக்கத்திலேயே 'க்'கும் நிற்கிறது. ஒன்றைத் திறப்பதா, இரண்டையுமா? 247 எழுத்தையும் தனித்தனியாக எண்ணினால் பொழுது விடிந்தாலும் ஆட்டம் முடியாது. குடும்பமாக எண்ணினால் மூன்றே சுற்றில் விடை வந்துவிடும்.

அரை மணி நேரம் சண்டை போட்டோம். மெய்ப்பு அக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து வந்து, திறக்காத கட்டங்களையும் சேர்த்து ஒன்பதையும் நிரப்பிவிட்டு, "உச்சியில புள்ளி வெச்ச நாலையும் முதல்லயே காட்டிருங்க, மிச்சத்துக்கு விளையாடட்டும்" என்றார். அப்படியே இன்னொரு சொற்றொடரைப் போட்டுப் பார்த்தோம். பரவாயில்லாமல்தான் இருந்தது. ஆனால் அதற்குள் தயாரிப்பாளர் நூறு பேரிடம் கேட்கிற நிகழ்ச்சிக்குத் தேதி குறித்துவிட்டார்.