கூகுள்-எக்ஸ்டெண்டெட்டைத் தடுத்தும் ஏஐ சுருக்கத்தில் செய்தி வருகிறதா?

எந்த போட் தளத்தை எடுக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் (robots.txt) கூகுள்-எக்ஸ்டெண்டெட் (Google-Extended) என்ற பெயரைத் தடுத்ததால், கூகுள் தேடலில் வரும் ஏஐ சுருக்கமான ஏஐ ஓவர்வியூவில் உங்கள் செய்திகள் வருவது நிற்காது. அந்தத் தடை கூகுளின் ஏஐ-யான ஜெமினிக்குத்தான். தேடல் பக்கத்தின் மேலே வரும் அந்தச் சுருக்கம், தேடலுக்காகப் பக்கங்களைப் படிக்கும் வழக்கமான கூகுள்பாட் எடுத்துப்போன பக்கங்களிலிருந்தே உருவாகிறது, அதைத் தடுத்தால் தேடலிலிருந்தே காணாமல் போய்விடுவீர்கள். (பெரிய பதிப்பகங்களின் கோபமும் இதுதான், அமெரிக்கப் பதிப்பு நிறுவனமான பென்ஸ்கி மீடியா 2025 செப்டம்பரில் கூகுள் மீது வழக்கே போட்டது.)

முதலில் ஒரு செய்திப் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து, ரோபாட்ஸ் மெட்டா வரியில் மேக்ஸ்-ஸ்னிப்பெட் (max-snippet, கூகுள் எத்தனை எழுத்து வரை எடுத்துக் காட்டலாம் என்ற வரம்பு) எவ்வளவு என்று பாருங்கள். வேர்ட்பிரஸில் யோஸ்ட் மாதிரி பிளக்இன் இருந்தால் பெரும்பாலும் -1 என்றிருக்கும், அதாவது எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. அதைச் சின்ன எண்ணாக மாற்றுங்கள், இல்லையென்றால் அலைந்து திரட்டிய பத்திகளை மட்டும், இந்தப் பகுதியை எடுத்துக் காட்டாதே என்று சொல்லும் டேட்டா-நோஸ்னிப்பெட் (data-nosnippet) குறியீட்டுக்குள் வையுங்கள்.

ஒன்று கவனம்: பக்கம் முழுசுக்கும் எதையும் எடுத்துக் காட்டாதே என்று நோஸ்னிப்பெட் (nosnippet) போட்டால் சாதாரணத் தேடலிலும் தலைப்புக்குக் கீழே வரும் வரிகள் போய்விடும், கிளிக்கும் குறையலாம். நானாக இருந்தால் முதலில் சில கட்டுரைகளில் மட்டும் போட்டுப் பார்ப்பேன். அப்புறம், கூகுள்பாட் அந்தப் பக்கத்துக்கு மறுபடி வந்து போகும் வரை எந்த மாற்றமும் தெரியாது.