பெரிய பயணிகள் கப்பல்கூடப் புயலில் மூழ்குமா? நாகை–காங்கேசன்துறை கப்பலில் போகலாமா?

மூழ்கும். மூழ்கியும் இருக்கிறது. ஆனால் அலை தூக்கிக் கவிழ்த்துவிடும் என்று நீங்கள் நினைப்பது போல் பெரும்பாலும் நடப்பதில்லை. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1994 செப்டம்பர் 28, நள்ளிரவு தாண்டிய நேரம். எஸ்டோனியா நாட்டின் தாலினிலிருந்து சுவீடனின் ஸ்டாக்ஹோம் போய்க்கொண்டிருந்த ‘எஸ்டோனியா’ என்ற கப்பலில், வண்டிகள் ஏறும் வாசலுக்கு முன்னால் இருந்த மூடி அலை அடித்துப் பிய்ந்துபோனது. கார், லாரி நிற்கும் தளத்தில் கடல் புகுந்தது. ஒரு மணி நேரத்துக்குள் கப்பலே இல்லை. 852 பேர் இறந்தார்கள், 137 பேர் பிழைத்தார்கள். அந்தத் தளம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தடுப்பே இல்லாத கூடம். தாம்பாளத்தில் தண்ணீர் வைத்துத் தூக்கிப் பாருங்கள்: கொஞ்சம் சாய்த்தால் மொத்தமும் அந்தப் பக்கமே ஓடும், இன்னும் சாய்க்கும். இதற்குப் பிறகுதான், தளத்தில் அரை மீட்டர் தண்ணீர் நின்றாலும் கப்பல் கவிழக்கூடாது என்று வட ஐரோப்பிய நாடுகள் விதி போட்டன.

எனக்கு அதைவிட உறுத்துவது ஜப்பானின் தோயா மாரு. 1954 செப்டம்பர் 26, ஹக்கோதாத்தே துறைமுகம். புயலுக்காகப் புறப்படாமல் காத்திருந்த கப்பல் அது. மாலையில் காற்று அடங்கி வானம் வெளுத்தது. புயல் கடந்துவிட்டது என்று நம்பிக் கிளப்பினார்கள். மறுபடி அடித்த காற்றில் கப்பல் கவிழ்ந்து 1,100 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அந்தக் கப்பல் கடக்க வேண்டியிருந்த நீரிணைக்குக் கீழே சுரங்க ரயில் பாதை போட்டு 1988இல் திறந்ததற்கு இந்த விபத்தும் ஒரு காரணம். காற்று நின்றதும் வாசலுக்கு வராதே, திரும்பி அடிக்கும் என்று வேதாரண்யம் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் கரையில் நூற்றுக்கணக்கானோர் மூட்டையோடு காத்திருக்கும்போது அந்த நிதானம் யாருக்கு வரும்?

நம்ம ஊர்க் கப்பலில் கார், லாரி ஏற்றுவதில்லை. அந்த அபாயம் இங்கே இல்லை. 2023 அக்டோபரில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை வந்ததும் சில நாளிலேயே நிறுத்தினார்கள். ஊரே கேலி பேசியது. எனக்கென்னவோ அந்தச் சேவையில் அவர்கள் செய்த உருப்படியான காரியமே அதுதான் என்று படுகிறது. 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது.

தாராளமாகப் போங்கள். ஐப்பசி, கார்த்திகையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். திரும்பி வந்த அன்றைக்கே சென்னையில் விமானம் பிடிப்பது போலத் திட்டம் போடாதீர்கள். ரத்தானால் கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை.