குன்னூருக்கு வந்த பிறகு எனக்கும் கணவருக்கும் முடி கொட்டுகிறது. மலைத் தண்ணீர்தான் காரணமா?

மதுரையிலிருந்து குன்னூருக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது, சீப்பு வைத்தால் கொத்தாக வருகிறது, கணவருக்கும் முன்நெற்றி ஏறிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் கோத்தகிரிக்காரி. இங்கேயே பிறந்தவர்களும் முடி கொட்டினால் தண்ணீரையும் குளிரையும் கம்பளிக் குல்லாவையும்தான் திட்டுவார்கள். ஆனால் தண்ணீர் முடியை வெளியேதான் தொடுகிறது. அதனால் முடி வறண்டு நடுவில் ஒடியலாம், வேரோடு வராது. உதிர்ந்த முடி ஒன்றை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் தெரிந்தால் அது வேரிலிருந்து வந்தது, காரணம் உடம்புக்குள் இருக்கிறது.

உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருக்கிறீர்கள்: வந்த இரண்டாம் மாதம் பத்து நாள் கடும் காய்ச்சல். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது. தலையில் பத்தில் ஒன்பது முடி எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வில் இருக்கும். கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி டயட் என்று உடம்பு ஆடிப்போனால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். அதற்குள் காய்ச்சலை நாம் மறந்துவிடுகிறோம், பழி தண்ணீர் மேல் விழுகிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உண்டு. காய்ச்சலால் கொட்டுவது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கி, திரும்ப முளைத்துவிடும்.

அடங்காவிட்டால்? எனக்கு அடங்கவில்லை. மகள் பிறந்து மூன்றாம் மாதம், அவள் மூடிய கையைப் பிரித்தால் விரலிடுக்கில் என் முடி சுற்றிக்கொண்டிருக்கும். பிள்ளை பெற்றால் கொட்டத்தான் செய்யும் என்றார்கள், சரி என்று இருந்தேன். ஒரு வருடம் கழித்தும் வகிடு அகலமாகிக்கொண்டே போனது. மூலிகை எண்ணெய் என்று இரண்டு பாட்டில் வாங்கித் தேய்த்தேன், காசு போனதுதான் மிச்சம். கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு தோல் மருத்துவர் ரத்தம் எடுக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 12, பரவாயில்லை. ஆனால் ஃபெரிட்டின் 9. அதாவது ரத்தம் ஓடுகிறது, உடம்பில் இரும்புச்சத்தின் கையிருப்பு காலி. "சாப்பாட்டோடு டீ குடிப்பீர்களா?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் அதைக் கேட்கவே வேண்டாம். அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது தூக்கில் சோறு இருக்கும், பக்கத்தில் பாட்டிலில் பால் இல்லாத டீ இருக்கும். ஒரு வாய் சோறு, ஒரு மடக்கு டீ. நானும் அப்படியே பழகியவள். கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்தைத் தேயிலையின் துவர்ப்பு பிடித்துக்கொள்கிறது, உடம்பில் சேர விடாது. டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன், இரும்பு மாத்திரையும் சாப்பிட்டேன். நாலைந்து மாதத்தில் நெற்றியோரம் குட்டிக் குட்டியாகப் புது முடி நின்றது. மலையில் முடியைக் கெடுக்கிற ஒன்று உண்டென்றால், என்னைக் கேட்டால், அது தண்ணீர் அல்ல, சோற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த டீ.

உங்கள் கணவருடையது வேறு கதை. நெற்றியின் இரு ஓரமும் ஏறி உச்சியும் மெலிந்தால் அது பரம்பரை வழுக்கை. டிஎச்டி என்ற ஹார்மோனால் வேர்கள் சுருங்கிப்போகின்றன. அப்பா வழியில் மட்டுமல்ல, அம்மா வழியிலும் வரும். இதற்குத் தலையில் தடவுகிற மருந்து மினாக்ஸிடில். அது முதலில் ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது, சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்துத் தலைக்குக் கொண்டுவந்தார்கள். தடவ ஆரம்பித்த முதல் வாரங்களில் இன்னும் கொஞ்சம் கொட்டும், பயந்து விட்டுவிடக் கூடாது. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். இதே வழுக்கைக்குக் கொடுக்கிற ஃபினாஸ்டிரைடு மாத்திரையைத் தானாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். சிலருக்குப் பாலுறவில் நாட்டம் குறையும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது.

அப்புறம், காசளவு வட்டமாக வழவழவென்று விழுந்தால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு. உண்மையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. என் தம்பிக்குப் பதினாறு வயதில் வந்தபோது மலைப்பூண்டை நசுக்கித் தேய்த்தார்கள், தோல் வெந்து கொப்புளித்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குக் குல்லா போட்டுக்கொண்டு போனான். அவனை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. யார் தலையிலும் அதைச் செய்யாதீர்கள். அரிப்பு, சீழ், தழும்பு இருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது, தழும்பான இடத்தில் முடி திரும்பாது.

உங்களுக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைராய்டு மூன்றும் முதலில் பாருங்கள். மாதவிலக்கு தவறினாலோ முகத்தில் முடி வந்தாலோ அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், சினைப்பை நீர்க்கட்டியாக இருக்கலாம். முடிக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டிவிடும்.