ஈறில் ரத்தம் வருகிறது, வலி இல்லை

கேள்வி: தக்கலை அருகே வசிக்கிறேன். வயது 44. சில வாரங்களாகப் பல் தேய்க்கும்போது கீழ் முன்பற்களின் ஈறில் ரத்தம் கசிகிறது. வலி இல்லை. பயந்துபோய் அங்கே பிரஷ் படாமல், உமிக்கரியை விரலால் தொட்டுத் தேய்க்கிறேன். ஆஸ்பத்திரியில் பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்கிறார்களே?

பதில்: வலி இல்லாததுதான் ஈறு நோயின் சூழ்ச்சி. சொத்தைப் பல் நடுராத்திரியில் எழுப்பி உட்காரவைத்துவிடும். ஈறு நோயோ ஓசைப்படாமல் உள்ளே போகும்.

கண்ணாடி முன் கீழுதட்டை இழுத்துப் பாருங்கள். நல்ல ஈறு பல்லை இறுகப் பற்றியிருக்கும். இரு பற்களுக்கு நடுவே கூராக முடியும். அந்த முனை மழுங்கி, சிவந்து, பளபளவென்று உப்பியிருந்தால் அது அழற்சி. (நம்மில் பலருக்கு ஈறு இயல்பாகவே கருமை கலந்திருக்கும், அது நோயல்ல.) பிறகு அதே பற்களின் உட்புறத்தை நாக்கால் தடவுங்கள். சொரசொரப்பாக இருந்தால் காரை, அதாவது கல்போல் இறுகிய அழுக்கு, படிந்திருக்கிறது. நாக்கின் அடியில் உமிழ்நீர் சுரந்து தேங்குவதால் அங்கேதான் அது சீக்கிரம் கட்டும்.

ரத்தம் வரும் இடத்தைத் தேய்க்காமல் விட்டால் அழுக்கு சேர்ந்து ரத்தம் கூடத்தான் செய்யும். மென்மையான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் சாய்த்துவைத்து, காலையும் இரவும் தேயுங்கள். உமிக்கரியை விட்டுவிடுங்கள், அது எனாமலைத் தேய்க்கும், ஈறையும் உரசிப் புண்ணாக்கும்.

காரையை எடுத்துச் சுத்தம் செய்வதால் பல் ஆடாது. தாங்கும் எலும்பு முன்பே கரைந்த பல்லைக் காரை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். எடுத்த பிறகு உண்மை நிலை தெரிகிறது, பழி மருத்துவர்மேல் விழுகிறது. சில நாள் கூச்சம் இருக்கும், அவ்வளவுதான். ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆழத்தை அளந்து பார்ப்பார்கள். 3 மில்லிமீட்டர் வரை கவலையில்லை. அழற்சியோடு நின்றிருந்தால் ஈறு முழுமையாகத் தேறிவிடும். கரைந்த எலும்பு தானாக வளராது.

ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவரானால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதனாலும் சிலருக்கு ஈறு வீங்கும். நீங்களாக நிறுத்தவேண்டாம். வீட்டில் பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால், ‘எனக்கு ரத்தமே வரவில்லை’ என்று அவர் சொல்வதை நம்பாதீர்கள். புகை ரத்தக்கசிவை மறைத்துவிடும்.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பக்கத்திலுள்ள பல் மருத்துவரிடமோ இந்த வாரமே காட்டுங்கள். சீழ் வந்தாலோ, பல் அசைந்தாலோ, தேய்க்காதபோதும் ரத்தம் கசிந்தாலோ, நாளை என்று தள்ளாமல் அன்றே போங்கள்.