சம்பளம் ஏறினால் வேலை குறையுமா? ஆய்வேட்டுக்கு இரண்டு கோடுகள் போதுமா?

கேள்வி: பொருளியல் இறுதியாண்டு மாணவி நான். குறைந்தபட்ச சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனதால் பினாங்கு உணவகங்களில் ஆள் குறைந்ததா என்பது என் ஆய்வேடு. எஸ்டிபிஎம் (பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வு) மாணவர்களுக்குப் பொருளியல் கற்பித்த அப்பா, "தேவை, அளிப்புக் கோடுகளைப் போட்டாலே விடை வந்துவிடுமே" என்கிறார். மேற்பார்வையாளரோ, "எதனோடு ஒப்பிடப் போகிறீர்கள்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: மேற்பார்வையாளர் சொல்வதை. ஆனால் அப்பாவின் கோடுகளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம்.

அப்பா காலத்துப் பொருளியலில் கோட்பாட்டுக்கே முதல் மரியாதை. முன்னணி ஆய்விதழ்கள் மூன்றில் வந்த கட்டுரைகளைப் பொருளியலாளர் டேனியல் ஹமர்மெஷ் எண்ணிப் பார்த்தார். 1983இல் பாதிக்கு மேல் கோட்பாட்டுக் கட்டுரைகள். 2011இல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. கணினியும் தரவும் மலிந்தது ஒரு காரணம். ‘இதனால்தான் அது நடந்ததா?’ என்று விடாமல் கேட்கும் பழக்கம் வந்தது இன்னொன்று.

உங்கள் தலைப்பிலேயே அதற்குப் பேர்போன உதாரணம் உண்டு. 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக்கியது, பக்கத்துப் பென்சில்வேனியா ஏற்றவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் இரு மாநிலங்களிலும் 410 துரித உணவகங்களை விசாரித்தார்கள். வேலை குறையவில்லை. பெரிய சண்டையே மூண்டது. நியூமார்க், வாஷர் என்ற வேறு இரு பொருளியலாளர்கள் உணவகங்களின் சம்பளப் பட்டியல்களைத் திரட்டி, குறைந்திருக்கிறது என்றார்கள். 2021 நோபல் பரிசில் பாதி கார்டுக்குப் போனது.

உங்களுக்கு மாநில எல்லை தேவையில்லை. 1,700 ரிங்கிட், ஐந்து பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 2025 பிப்ரவரி 1இல் வந்தது. அதற்கும் சிறியவர்களுக்கு ஆகஸ்ட் 1இல்தான். ஆறேழு பேர் வேலை செய்யும் கடைகளில் அந்த ஆறு மாதத்தில் ஆள் எண்ணிக்கை எவ்வளவு மாறியது, மூன்று நான்கு பேர் கடைகளில் எவ்வளவு மாறியது என்று பாருங்கள். இரண்டு மாற்றங்களுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் விடை. ஆகஸ்டுக்குப் பிந்தைய மாதங்களை இதில் கலக்காதீர்கள். அப்போது சின்னக் கடைக்கும் சம்பளம் ஏறிவிட்டது, ஒப்பிட யாரும் மிச்சமில்லை.

கண்ணிகளும் உண்டு. ஐந்தாவது ஆளை நிறுத்திவிட்டு ‘நாலு பேர் கடை’ ஆனவர்கள் இருக்கலாம். அதனால் 2024 இறுதியில் இருந்த எண்ணிக்கையை வைத்தே கடைகளைப் பிரியுங்கள். 2025 மார்ச் கிட்டத்தட்ட முழுக்க நோன்பு மாதம். இந்திய முஸ்லிம்களின் மாமாக் கடையில் பகல் வியாபாரம் அப்போது எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வாழையிலைக் கடையோடு அதை ஒப்பிட்டால் நோன்பின் விளைவைச் சம்பளத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள். மாமாக் கடையை மாமாக் கடையோடு ஒப்பிடுங்கள். சின்னக் கடைகளில் மனைவியும் மகனும் கல்லாவில் நிற்பார்கள், அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருக்கலாம்.

முதலாளியின் ஞாபகத்தை நம்பாதீர்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவுக்குக் கட்டிய சந்தா விவரம் கேளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2019 முதலே அதில் இருக்கிறார்கள். ஊழியர் சேமநிதி அவர்களுக்குக் கட்டாயமானது 2025 அக்டோபரில்தான். கோழி, வெங்காய விலையேற்றத்தைத் தனியே கழிக்க கடை விலைகளைப் பதிந்துவைக்கும் பிரைஸ்கேட்சர் தரவு அரசின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இனி அப்பாவிடம் போங்கள். ஆள் குறையவில்லை என்று வந்தால் ஏன் என்பதை எந்த மென்பொருளும் சொல்லாது. வேறு இடம் போக முடியாத தொழிலாளிக்கு முதலாளி வைத்ததுதான் சம்பளம். அந்த நிலையில் சட்டம் சம்பளத்தை ஓரளவு ஏற்றினாலும் வேலை குறையாமல் இருக்கலாம் என்பது பழைய கோட்பாடு. நம் கடைகளில் ரொட்டி வீசும் வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. எனவே உள்ளூர் ஆட்கள், பெர்மிட் ஆட்கள் என இரு பத்திகளாகத் தகவல் சேகரியுங்கள். என்னைக் கேட்டால் ஆய்வேட்டின் சுவையான அத்தியாயம் அதுதான்.

ஒன்று மட்டும். கடைக்குள் நுழையுமுன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறி அனுமதியை வாங்கிவிடுங்கள். பெர்மிட் பற்றிக் கேட்டதும் பாதிப்பேர் உங்களைக் குடிநுழைவுத் துறை ஆள் என்றுதான் நினைப்பார்கள்.