டிக்கியில் பேட்டரி, கராஜில் மெயின்டெய்னர்: வயரை எங்கே பொருத்துவது?

கேள்வி: டொரோண்டோவில் இருக்கிறேன். 1994 மாடல் மாஸ்டா மியாட்டா வைத்திருக்கிறேன். நவம்பரில் கராஜில் விட்டால் ஏப்ரலில்தான் வெளியே எடுப்பேன். போன இரண்டு வருடமும் ஏப்ரலில் பேட்டரி டெட். இந்த முறை 0.75 ஆம்பியர் மெயின்டெய்னர் (நிறுத்தி வைத்த காரின் பேட்டரியை இறங்காமல் பார்த்துக்கொள்ளும் சின்ன சார்ஜர்) வாங்கிவிட்டேன். பெட்டிக்குள் கிளிப் வயர் ஒன்றும், வளையம் வைத்த வயர் ஒன்றும் இருக்கின்றன. வளைய வயரை நிரந்தரமாகப் பொருத்தலாமா? சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினாலே போதாதா?

பதில்: சாக்கெட் உங்களுக்கு உதவாது. மியாட்டாவில் சாவியைத் திருப்பினால்தான் அந்த சாக்கெட்டுக்கும் பேட்டரிக்கும் இணைப்பு கிடைக்கும். சாவியை எடுத்துவிட்டால் மெயின்டெய்னர் வெறும் சாக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். வளைய வயரையே பொருத்துங்கள். அரை மணி நேர வேலை.

அதற்கு முன், பேட்டரி ஏன் டெட் ஆகிறது என்று ஒரு கணக்கு. கடிகாரம், ரேடியோ, இன்ஜின் கம்ப்யூட்டரின் நினைவு எல்லாம் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் மணி. ஐந்து மாதத்துக்கு 72. உங்கள் காரில் இருக்கும் சின்ன பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 30 சொச்சம்தான். பனிக்காலம் பாதி தாண்டும் முன்பே அது காலி. காலியான பேட்டரிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. முழு சார்ஜில் உள்ள அமிலக் கரைசல் டொரோண்டோ குளிருக்கு உறையாது; காலியானதோ மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து, பெட்டியை உப்பவோ வெடிக்கவோ வைத்துவிடும். உறைந்த பேட்டரியில் எந்தச் சூழ்நிலையிலும் சார்ஜர் மாட்டாதீர்கள்.

அடுத்து, இரண்டு முறை அடிவரை இறங்கிய பேட்டரியை நம்பலாமா என்று பாருங்கள். முழுதாகச் சார்ஜ் செய்து, ஒரு இரவு சும்மா விட்டு, மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பயன்படுத்தலாம். 12.4க்குக் கீழே வந்துவிட்டால் தகடுகளில் சல்ஃபேட் படிந்திருக்க வாய்ப்பு அதிகம். கடையில் லோடு டெஸ்ட் (பேட்டரியிலிருந்து பெரிய மின்சாரம் இழுத்துப் பார்க்கும் சோதனை) செய்து பார்த்துவிடுங்கள். மெயின்டெய்னர் நல்ல பேட்டரியை நல்லபடியாக வைத்திருக்கும், செத்ததை எழுப்பாது. அடியோடு இறங்கிய பேட்டரியைப் பார்த்தால் பல மெயின்டெய்னர்கள் சார்ஜ் செய்யவே தொடங்காது.

இனி வயர். 1989 முதல் 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறை மியாட்டாக்களில் பேட்டரி டிக்கிக்குள், வலது மூலையில் இருக்கும். இதனால் வேலை சுலபம், கவனம் மட்டும் கூடுதலாக வேண்டும். சார்ஜ் ஆகும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரலாம். மூடிய டிக்கிக்குள் அது தங்கக் கூடாது என்றுதான் மாஸ்டா, பேட்டரியிலிருந்து காரின் அடிப்பக்கத்துக்கு மெல்லிய காற்றுக் குழாய்களை விட்டிருக்கிறது. முப்பது வருடப் பழைய காரில் முந்தைய உரிமையாளர் யாராவது அந்தக் குழாய்களைப் பொருத்தாமல் சாதாரண பேட்டரி ஒன்றை வைத்திருக்கலாம். அப்படி இருந்தால் முதலில் குழாய் மாட்டக்கூடிய சரியான பேட்டரி வாங்குங்கள். மெயின்டெய்னர் பிறகு.

10 நம்பர் ஸ்பேனர் ஒன்று போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், மோதிரம், வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். முதலில் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்: நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவைத் திருகினால், ஸ்பேனர் பாடியில் பட்ட நொடியில் பேட்டரி ஷார்ட் ஆகும். கடிகாரமும் ரேடியோ சேனல்களும் அழிந்துபோகும்; திரும்ப வைத்துக்கொள்ளலாம்.

பாசிட்டிவ் கவ்வியின் போல்ட் நட்டைக் கழற்றி, சிவப்பு வளையத்தை அதில் கோத்து மறுபடி இறுக்குங்கள். ஈயத் தண்டுக்கும் கவ்விக்கும் நடுவில் வளையத்தைத் திணிக்கக் கூடாது. ஸ்டார்ட்டருக்குப் போகும் பெரிய மின்சாரத்தின் பாதை அது. வெள்ளைப் பூச்சு ஏறியிருந்தால் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். கறுப்பு வளையத்தை நெகட்டிவ் கவ்வியிலோ, அந்தக் கேபிள் பாடியோடு சேரும் எர்த் போல்ட்டிலோ பொருத்தலாம். உங்கள் காரில் இரண்டும் ஒன்றுதான். நெகட்டிவ் முனையில் மின்சாரத்தை அளக்கும் சென்சார் வைத்த இன்றைய கார்களில் மட்டும் பாடி எர்த்தில்தான் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போகும் சார்ஜ் காரின் கணக்கில் வராது. கடைசியில் நெகட்டிவ் கேபிளைத் திரும்ப மாட்டுங்கள். அழுத்தி முறுக்க வேண்டாம், ஈயம் மிருதுவானது.

இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்றே: ஃபியூஸ். சிவப்பு வயரில், பேட்டரியிலிருந்து கைவிரல் நீளத்துக்குள் அது இருக்க வேண்டும். மெயின்டெய்னர் முக்கால் ஆம்பியர்தானே கொடுக்கிறது, ஃபியூஸ் எதற்கு என்று கேட்பார்கள். ஆபத்து மெயின்டெய்னரிடமிருந்து வருவதில்லை. அதைக் கழற்றி வைத்த பிறகும் அந்த மெல்லிய வயர் பேட்டரியோடு இணைந்தே இருக்கிறது. டிக்கியின் தகர விளிம்பில் உரசி உறை கிழிந்தால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை அதற்குள் தள்ளும். வயர் சிவந்து கார்ப்பெட்டில் தீப்பிடிக்கும். உங்கள் பெட்டியில் வந்த வயரில் ஃபியூஸ் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வெகுதூரம் தள்ளி இருந்தால் வெட்டி அருகே மாற்றுங்கள். அளவு தயாரிப்பாளர் சொன்னதுதான், பெரிய ஃபியூஸ் போட வேண்டாம்.

இரண்டு முனை பிளக் வைத்த வயர் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். பேட்டரிப் பக்கத்து பிளக்கில் பாசிட்டிவ் ரப்பருக்குள் மறைந்தும் நெகட்டிவ் வெளியே தெரியும்படியும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் பிளக் பாடியில் பட்டாலே ஷார்ட்.

வயரை வெளியே கொண்டுவர ஓட்டை போடாதீர்கள். ஓட்டும் மாதங்களில் பிளக்கை மூடி மாட்டி டிக்கிக்குள்ளேயே, மூடியின் கீல் ஆடும் இடத்துக்கு விலகி, டேக் போட்டுக் கட்டிவிடுங்கள். பனிக்காலத்தில் மெயின்டெய்னரின் மெல்லிய வயரை ரப்பர் பீடிங்கின் மேலாக உள்ளே விட்டு, லாக்குக்கு நேராக வராமல் பார்த்து டிக்கியை மூடுங்கள். பேட்டரி இறங்கினாலும் சாவியால் டிக்கி திறக்கும், அது உங்கள் அதிர்ஷ்டம். சில போர்ஷே மாடல்களில் பேட்டரி முன் மூடிக்கு அடியில் இருக்கும், அந்த மூடியைத் திறக்கவோ மின்சாரம் வேண்டும்! அவர்கள் பிளக்கை வெளியே கைக்கு எட்டும்படி வைத்தே ஆக வேண்டும்.

செருகியதும் அளந்து பாருங்கள். சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டைத் தாண்டும், நிரம்பியதும் 13.2 முதல் 13.6க்குள் நிற்கும். சில நாள் கழித்தும் 14க்கு மேலேயே நின்றால் பேட்டரியோ மெயின்டெய்னரோ சரியில்லை. கராஜில் உள்ள எர்த் பாதுகாப்பு பிளக் பாயின்ட் சத்தமில்லாமல் ட்ரிப் ஆகிவிடுவதுண்டு. போகும்போது வரும்போது மெயின்டெய்னரின் விளக்கை ஒரு பார்வை பாருங்கள்.

லித்தியம் பேட்டரிக்கு மாறும் எண்ணம் இருந்தால் இந்த மெயின்டெய்னர் ஆகாது. அதற்கென்றே உள்ளது வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது, சூடில்லாத டொரோண்டோ கராஜில் அது பெரிய தலைவலி. கராஜில் மின்சாரமே இல்லாத வாசகர்கள் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், காற்றோட்டமான இடத்தில் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் போதும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவது மட்டும் வேண்டாம். ஸ்டார்ட் செய்ய எடுத்த மின்சாரமே அதில் முழுதாகத் திரும்பாது, சைலன்சரில் தண்ணீர்தான் சேரும்.